பொருந்தாத வார்ப்புரு: எக்ஸ்எஸ்எல்ரி முக்கியக் குறிப்புகள்

நாள்கள், பெயர்கள்
• எக்ஸ்எம்எல் 1.0: 1998 பெப்ரவரி 10
• எக்ஸ்எஸ்எல்ரி 1.0, எக்ஸ்பாத் 1.0: இரண்டும் ஒரே நாள், 1999 நவம்பர் 16
• எக்ஸ்எஸ்எல்ரி 1.0 பதிப்பாசிரியர்: ஜேம்ஸ் கிளார்க். 2.0 (2007), 3.0 (2017): மைக்கேல் கே

அறிகுறி
• வார்ப்புரு பொருந்தாவிட்டால் பிழைச்செய்தி இல்லை. குழப்பத்தின் வேர் இதுவே
• உள்ளமைந்த விதிகள் பொறுப்பேற்கும்: உறுப்பு எனில் பிள்ளைகளுக்கு இறங்கல், உரை எனில் அப்படியே நகல், கருத்துரை எனில் ஒன்றுமில்லை
• விளைவு: அடையாளங்கள் மறைந்து உரை மட்டும் ஒட்டி வரும். எ.கா. கொழும்புப் பகுதிப் பெயர்களும் அஞ்சற் குறியீடுகளும்: ‘வெள்ளவத்தை00600கொட்டாஞ்சேனை01300’
• 3.0இல் பொருந்தாக் கணுவுக்கு 6 தெரிவுகள். இயல்புத் தெரிவு ‘உரை மட்டும் நகல்’, பிழைதேட உகந்தது ‘ஃபெயில்’

முதற் காரணம்: பெயர்வெளி
• மூல ஆவணத்தில் இயல்புப் பெயர்வெளி (நேம்ஸ்பேஸ்), வார்ப்புருவில் முன்னொட்டில்லாப் பெயர்: 1.0இல் ஒருபோதும் பொருந்தா
• முன்னொட்டின் எழுத்து முக்கியமன்று; அது சுட்டும் முகவரியே ஒப்பிடப்படும், எழுத்துக்கு எழுத்து
• சோப் (எக்ஸ்எம்எல் செய்தி வடிவம்) 1.1 (2000), 1.2 (2003): இரண்டிலும் வேர் உறுப்பு ‘என்வலப்’, ஆனால் வெவ்வேறு பெயர்வெளி
• சோதனை: எல்லா உறுப்புக்கும் பொருந்தும் வார்ப்புரு ஒன்றால் பெயரையும் பெயர்வெளியையும் அச்சிடல்

பொருந்தியும் இயங்காதவை
• தாய் உறுப்பின் வார்ப்புரு பிள்ளைகளை அழைக்காமை
• பண்புக்கூறு: பிள்ளை அன்று, தனியே தெரிந்தாலன்றி அழைப்பில்லை
• பயன்முறை (மோட்) வேறுபாடு
• முன்னுரிமை: விண்மீன்குறி −0.5, முன்னொட்டுடன் விண்மீன்குறி −0.25, தனிப்பெயர் 0, பாதை, நிபந்தனை 0.5
• அப்பாச்சி சினாப்ஸின் எக்ஸ்எஸ்எல்ரி மீடியேற்றர்: இயல்பில் சோப் ‘பொடி’யின் முதற் பிள்ளையே உள்ளீடு. எனவே ‘என்வலப்’ வார்ப்புரு வீண்

கொட்டாஞ்சேனைப் பொறி
• ‘ொ’, ‘ோ’, ‘ௌ’: ஒற்றைக் குறியீடாகவும் இரு துண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றே, ஒப்பீட்டில் இரண்டு
• ‘கொட்டாஞ்சேனை’ நீளம்: 12 அல்லது 13 குறியீடுகள். ‘கொழும்பு’: 8 அல்லது 9
• ‘வெள்ளவத்தை’: எப்போதும் 10. ஆகவே வெள்ளவத்தைக்குப் பொருந்திய நிபந்தனை கொட்டாஞ்சேனைக்குத் தவறலாம்.
• நிவாரணம்: எக்ஸ்பாத் 2.0இன் யூனிகோட் இயல்பாக்கச் சார்பு. 1.0இல் இல்லை, அங்கு மூல ஆவணத்தையே முன்கூட்டித் திருத்தல்