ஊரும் ஊரவையும்

ஒரு நாட்டின் வளத்தை அறிய விரும்புவோர் அந்நாட்டின் சிற்றூர்களைச் சென்று காண்டல் வேண்டும். 2011-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 69 பேர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். தமிழ்நாட்டில் அத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 52 ஆகும். இத்துணைப் பேரும் தம் எதிர்காலத்தைக் குறித்து எவற்றை விரும்புகின்றனர்? எவற்றிற்கு அஞ்சுகின்றனர்? அவற்றை எங்கே எடுத்துரைத்தல் வேண்டும்? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

சிற்றூர் மக்களின் விருப்பங்கள் பேராசையின்பாற் பட்டவை அல்ல. பிள்ளைகள் நன்கு கற்றல் வேண்டும்; நோயுற்ற காலத்தில் அருகிலேயே மருத்துவம் கிட்டுதல் வேண்டும்; விளைந்த பொருளுக்கு உரிய விலை வேண்டும்; மழைக்காலத்திலும் சேறுபடாத சாலை வேண்டும். இவையே அவர்கள் கேட்பன.

அச்சங்களோ அவ்விருப்பங்களை ஒட்டியே பிறக்கின்றன. கல்வி மகனை உயர்த்துகின்றது. உயர்ந்த மகன் ஊரில் தனக்கேற்ற தொழில் காணாமல் நகருக்குச் செல்கின்றான். சாலை வந்தபின் காய்கறி வாடுமுன் சந்தையை அடைகின்றது. அச்சாலையோரத்து நன்செய் வீட்டுமனைகளாகக் கூறுபடுகின்றது. ஆழ்குழாய்க் கிணறு கோடையிலும் நீர் தருகின்றது; அளவின்றி இறைத்தலால் பக்கத்து நிலத்தாரின் கிணறு வற்றுகின்றது. "நாம் விரும்பிய முன்னேற்றம் வந்து சேரும்போது நம் ஊர் ஊராக இருக்குமோ?" என்று முதியோர் கவல்கின்றனர். இக்கவலையை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. சாலை வேண்டா என்றோ, கல்வி வேண்டா என்றோ அவர்கள் கூறுகின்றிலர். வரும் நன்மை ஊரின் வேரை அறுத்துவிடாமல் வருதல் வேண்டும் என்பதே அவர்தம் வேண்டுகோள்.

ஏரியைக் கொண்டு இதனைத் தெளிவாக உணரலாம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. மழைநீர் வரத்துக்கால் வழியாக ஏரியை அடையும். மதகின் வழியே வயலுக்குப் பாயும். மிகுந்த நீர் கலிங்கின் வழியே வெளியேறும். வரத்துக்கால் தூர்ந்தால் ஏரி நிரம்பாது. கலிங்கு பழுதுற்றால் கரைக்குக் கேடு. ஆதலின், முற்காலத்தில் கோடை வந்ததும் ஊரார் ஒன்றுகூடிக் கால்வாயைத் தூர்வாரினர். வண்டலை வண்டிகளில் ஏற்றி வயலுக்கு இட்டனர். இப்பணிக்குக் குடிமராமத்து என்பது பெயர். கிணறுகள் பெருகியபின் தத்தம் நிலத்திற்குத் தத்தம் நீர் என்னும் நிலை தோன்றியது. எல்லார்க்கும் உரிய ஏரி எவரும் பேணாப் பொருளாயிற்று. பல ஏரிகளில் சீமைக்கருவேலம் மண்டியது. ஏரி வற்றினால், பொருளுடையார் கிணற்றை மேலும் ஆழப்படுத்துவர். நிலமற்றோரின் ஆடுமாடுகள் எங்கே நீர் பருகும்?

2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்துப் பணியை மீண்டும் தொடங்கியது. அரசு பொருள் வழங்கலாம். பொறியாளர் அளவிட்டுத் தரலாம். ஆயினும், எந்தக் கால்வாய் எவ்விடத்தில் அடைபட்டது என்பதை நாள்தோறும் கண்டறிபவர் ஊராரே. அவர்கள் கூடிப் பேசினாலன்றி அவ்வறிவு பயன்படாது.

கூடிப் பேசி ஊரை ஆளும் முறை நமக்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், முதற்பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து உறுப்பினரைத் தெரிந்தனர். ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்ற தனிக்குழு இருந்தது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்பேற்கத் தகுதியற்றவர் ஆயினர். இச்செப்பத்தைப் போற்றுகின்றோம். எனினும், அக்குடத்தில் எல்லார் பெயரும் இடப்பெறவில்லை. சொந்த நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது. உழுது நட்டு ஏரிக்கரையைச் சுமந்தோர்க்கு அவையில் இடமில்லை.

இன்றைய சட்டம் அவ்வாயிலை அகலத் திறந்துள்ளது. அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்த ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர் ஆவர். நிலமுடைமையும் குலமும் அங்கே வினவப்படுவதில்லை. ஊராட்சிப் பொறுப்புகளில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களுக்கு ஒதுக்கப்பெற்றது. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டில் அது பாதியாக உயர்த்தப்பெற்றது. குடியரசு நாள், மே முதல் நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நாட்களில் இச்சபை கூடுவது வழக்கம். ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்படும்; செய்யவேண்டிய பணிகள் ஆராயப்படும்.

வாயில் திறந்திருந்தும் உள்ளே புகுவார் இலரெனின் பயன் என்ன? சபைக்கு வருவோர் சிலராகவும், வந்தோருள் பேசுவோர் மிகச் சிலராகவும் உள்ள ஊர்கள் உண்டு. "நம் சொல் எடுபடுமா?" என்று ஏழையர் பின்நிற்றலும், "ஆடவர் பேசட்டும்" என்று பெண்டிர் ஒதுங்கலும் ஊருக்கு இழப்பேயாம். குடிநீர் எடுக்கக் குடத்துடன் நெடுந்தொலைவு நடப்பவரே குடிநீரைப் பற்றி முதலில் பேசத் தக்கவர்.

மாணவர்களே! உங்களுள் பலர் உயர்கல்விக்கும் தொழிலுக்கும் வெளியூர் செல்வீர்கள். அது குற்றமன்று. ஆனால், ஊரின் ஏரி எது, அதன் வரத்துக்கால் எங்கே தொடங்குகின்றது, பொதுநிலம் எவ்வளவு என்பவற்றை இப்போதே அறிந்துகொள்ளுங்கள். 18 அகவை நிரம்பிப் பட்டியலில் பெயர் சேர்ந்தபின், கிராம சபையில் அமர்ந்து, கணக்கைக் கேட்டு, அச்சமின்றியும் பணிவுடனும் பேசுங்கள். தன் விருப்பத்தையும் அச்சத்தையும் தானே எடுத்துரைக்கும் ஊருக்கே எதிர்காலம் உண்டு.