ரெப்போ விகிதமும் சிறுதொழில் கடனும்

மும்பையில் மாஹிம் ரயில் நிலையத்திற்குக் கிழக்கே பரந்துள்ள தாராவியில் தோல் பொருள், ஆயத்த ஆடை, மண்பாண்டம் ஆகிய தொழில்கள் சிறு பட்டறைகளில் நடைபெறுகின்றன. தமிழகத்திலிருந்து குடியேறியோர் பலர் அங்கு வாழ்கின்றனர். அதே நகரின் தென்பகுதியில் ரிசர்வ் வங்கியின் மத்திய அலுவலகம் 1937 முதல் இயங்கி வருகிறது. அங்கு அறிவிக்கப்படும் வட்டி விகிதம் இப்பட்டறைகளை எவ்வாறு வந்தடைகிறது என்பதை இங்கு ஆராய்வோம்.

தாமதத்தின் காரணம்

அரசுக் கடன் பத்திரங்களை ஈடாகப் பெற்று வர்த்தக வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வழங்கும் குறுகிய காலக் கடனின் வட்டியே ரெப்போ விகிதம் எனப்படும். இது மாறும்போது, வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்குக் கொடுத்து வாங்கும் கடனின் வட்டி முதலில் மாறுகிறது. ஆனால் வங்கிகள் தம் நிதியின் பெரும்பகுதியைப் பொதுமக்களின் வைப்புகளிலிருந்தே பெறுகின்றன. ஓராண்டு, ஐந்தாண்டு என ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வைப்பு வட்டியை இடையில் குறைக்க இயலாது. எனவே, ரெப்போ குறைந்தவுடன் வங்கியின் செலவு அதே அளவில் குறைந்துவிடுவதில்லை.

முறைகளின் வளர்ச்சி

1994 அக்டோபரில், ரூ. 2 லட்சத்திற்கு மேற்பட்ட கடன்களின் வட்டியைத் தாமே நிர்ணயிக்கும் உரிமை வங்கிகளுக்கு அளிக்கப்பட்டது. 2010 ஜூலையில் அடிப்படை விகித முறையும், 2016 ஏப்ரலில் புதிதாகத் திரட்டும் நிதியின் செலவைச் சார்ந்த எம்.சி.எல்.ஆர். முறையும் வந்தன. இவை யாவும் வங்கியின் சொந்தக் கணக்கீட்டையே சார்ந்திருந்தன. வட்டிக் குறைப்பின் பயன் கடன்தாரரை முழுமையாகச் சேரவில்லை என்பதை ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் குழு 2017-இல் எடுத்துக்காட்டியது. அதன் பின்னர், 2019 அக்டோபர் 1 முதல் குறு, சிறு தொழில்களுக்கும் தனிநபர்களுக்கும் வங்கிகள் வழங்கும் புதிய மாறும் வட்டிக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைப்பது கட்டாயமாயிற்று. மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் வட்டியைத் திருத்தவும் வேண்டும்.

ஓர் உதாரணம்

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ விகிதம் 6.50 சதவிகிதத்திலிருந்து 5.50 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. ரெப்போவுடன் இணைந்த ரூ. 10 லட்சம் கடன் நிலுவை உள்ள ஒரு தோல் பட்டறைக்கு இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 10,000 மிச்சமாகும். அதே தொகையை நிலையான வட்டியில் பெற்றவருக்கு மிச்சம் ஏதுமில்லை. தனியாரிடம் கைமாற்றாகப் பெற்றவருக்கு இவ்வறிவிப்பு சென்றடைவதேயில்லை.

இணைப்பு இரு திசையிலும் இயங்கும் என்பதையும் மறத்தலாகாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4.00 சதவிகிதத்திலிருந்து 6.50 சதவிகிதமாக உயர்ந்தபோது, அச்சுமையும் இக்கடன்தாரர்களையே விரைந்து சேர்ந்தது. மேலும், ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்க்கும் கூடுதல் விகிதம் கடன்தாரரின் நம்பகத்தன்மைக்கேற்ப வேறுபடும்.

முடிவுரை

ஆகவே, வட்டிக் கொள்கையின் பயன் அறிவிப்பை மட்டும் பொறுத்ததன்று. கடன் ஒப்பந்தத்தின் வாசகத்தையும் பொறுத்ததாகும். எந்த அளவுகோல், எவ்வளவு கூடுதல் விகிதம், எப்போது திருத்தம் என்னும் மூன்று வினாக்களைக் கையெழுத்திடும் முன்னரே கேட்குமாறு சிறுதொழில் முனைவோருக்கு அறிவுறுத்துவது களப்பணி அலுவலர்களின் கடமையாகும். முறையான வங்கிக் கடன் எட்டாதவரை அவ்வட்டத்திற்குள் கொண்டுவருவது அதனினும் முதன்மையான பணியாகும்.