பேரு சொன்னா 'ஸ்பெல்லிங்?' என்கிறார்களா?

மயிலாப்பூர் மருந்துக்கடை பில்லில் கயல்விழி 'கயல்விலி' ஆகிறார். அடையாறில் கூரியர்க்காரர் யாழினியை 'யாலினி' என்று அழைக்கிறார். இந்த அலுப்பைக் குறைக்கச் சில வழிகள்:

1. போனில் எழுத்தோடு ஊரையும் சேருங்கள்: எம் மதுரை, என் நாகர்கோவில், பி பழனி, பி பவானி. தனியாகச் சொன்னால் காதுக்கு வித்தியாசம் தெரியாது.

2. 'ழ' வந்தால் 'இஸட் ஹெச்' என்று முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேட்பவர் கை தானாக 'எல்' அடித்துவிடும். நல்ல தமிழ்ப் பெயரை அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

3. லதாவுக்கு 'டி'யா, 'டி ஹெச்'சா? ஒன்றை முடிவுசெய்து ஆதார், பான், வங்கி எல்லாவற்றிலும் அதையே எழுதுங்கள். ஆதாரில் பெயரைத் திருத்த வாழ்நாளில் 2 வாய்ப்புகள்தான். பாஸ்போர்ட்டுக்கு இனிஷியலை விரித்து எழுதுங்கள். 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து அங்கே செல்லாது. தி.நகர் ஜவுளிக்கடை பில்லில் பிழை வந்தால் போகட்டும், இந்த ஆவணங்களில் வரக் கூடாது.

4. குழந்தையின் பெயரைப் பிறந்த 12 மாதத்துக்குள் பதிவுசெய்யுங்கள்; அதுவரை கட்டணமில்லை. சென்னை மாநகராட்சி இணையதளத்தில் சான்றிதழை இறக்கி, எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு அந்த ஸ்பெல்லிங்தான் போகும்.