சிறு விரைவுக் காரும் முன்சக்கரப் பிரேக்கும்

விரைந்து செல்லும் வண்டியின் பெருமை முழுதும் அதன் எஞ்சினில் அடங்கியுள்ளது என்று எண்ணுவார் பலர். வேண்டிய இடத்தில் வேண்டிய பொழுதில் நிறுத்தும் திறமே அவ்விரைவுக்கு எல்லை வகுப்பது என்பதை உணர்ந்தார் சிலர். அறந்தாங்கியினின்று புதுக்கோட்டை, காரைக்குடி, பட்டுக்கோட்டை, மீமிசல் முதலிய ஊர்களை நோக்கிச் செல்லும் சாலைகள் பெரும்பாலும் சமநிலத்தில் ஓடுவன. ஆதலின் சிறு காரும் அவற்றில் எளிதாக வேகங் கொள்ளும். ஆயினும், கண்மாய்க்கரை வளைவில் ஆட்டு மந்தை குறுக்கிடுதலும், அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதி நெற்களமாக மாறிவிடுதலும் இப்பக்கத்தார் யாவரும் அறிந்தவை. எனவே, தம் சிறு காரை விரைவுக் காராக மாற்ற விழையும் இளைஞர் முதற்கண் ஆராய வேண்டுவது பிரேக்கேயாம். அதனுள்ளும் முன்சக்கரப் பிரேக்கு முதன்மை பெறுவது ஏன், அதனை மேம்படுத்தும் முறை யாது, அம்முறையில் நேரக்கூடிய தவறுகள் யாவை என்பவற்றை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

வேகமும் உஷ்ணமும்

ஓடும் வண்டியிடத்து இயக்க சக்தி உளது. அஃது எடைக்கேற்பவும், வேகத்தின் வர்க்கத்திற்கேற்பவும் பெருகும். 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும்போது அதன் இயக்க சக்தி ஏறக்குறைய 96 கிலோஜூல். 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 386 கிலோஜூல். வேகம் இருமடங்காயின் சக்தி நான்மடங்காகின்றது. பிரேக்கு இச்சக்தியை அழிப்பதில்லை. உரசுதலால் உஷ்ணமாக மாற்றுகின்றது. ஆகவே, பிரேக்கு என்பது உண்மையில் ஓர் உஷ்ண யந்திரமே என்க.

இதனை ஒரு கணக்கால் தெளியலாம். மேற்சொன்ன சக்தியில் முக்காற் பங்கை இரு முன்சக்கரங்கள் ஏற்கின்றன எனவும், அவற்றிலுள்ள இரும்பு வட்டு ஒவ்வொன்றும் 4 கிலோகிராம் எடையுள்ளது எனவும் கொள்வோம். 100 கிலோமீட்டர் வேகத்தினின்று ஒரு முறை நிறுத்தினால் வட்டுக்களின் உஷ்ணநிலை ஏறக்குறைய 72 டிகிரி உயரும். ஆறுவதற்கு இடைவெளியின்றி ஐந்து முறை நிறுத்தினால் உயர்வு 350 டிகிரியையும் கடக்கும். சாதாரணப் பேடுகள் பலவற்றின் பிடிப்பு இவ்வெல்லையை ஒட்டியே தளரத் தொடங்கும். மிதியை எவ்வளவு அழுத்தினும் வண்டி நில்லாது நழுவும் இந்நிலையை மெக்கானிக்குகள் 'பிரேக் ஃபேடு' என்பர். வட்டின் எடை 6 கிலோகிராமாயின் ஒவ்வொரு முறையும் உயர்வது 48 டிகிரி மட்டுமே. பெரிய வட்டின் முதற்பயன் இதுவே.

முன்சக்கரத்தின் சுமை

பிரேக்கை அழுத்தியவுடன் காரின் முகம் தாழ்வதையும், பின்புறம் எழுவதையும் யாவரும் கண்டிருப்பர். அச்சிடையளவு 2.4 மீட்டரும், எடைமையத்தின் உயரம் 54 செண்டிமீட்டரும் உள்ள ஒரு கார், தரையின் ஈர்ப்பு வேகவளர்ச்சியில் பத்தில் எட்டுப் பங்கு கடுமையுடன் நிறுத்தப்படுமாயின், 180 கிலோகிராம் அளவான சுமை பின்னிருந்து முன்னுக்கு மாறும். நின்ற நிலையில் முன்சக்கரங்கள் 600 கிலோகிராமும், பின்சக்கரங்கள் 400 கிலோகிராமும் தாங்கியிருந்தன எனின், நிறுத்துங்கால் அவை முறையே 780, 220 ஆகும். நிறுத்தும் வேலையில் நாலில் மூன்று பங்கிற்கு மேல் முன்சக்கரத்தின்பாற்படுவதன் காரணம் இதுவே.

டிரம்மும் வட்டும்

தொடக்கத்துக் கார்களிற் பெரிதும் வழங்கியது டிரம் பிரேக்கு. சக்கரத்தோடு சுழலும் உருளைக் கூட்டினுள் 'ஷூ' என்னும் வளைகட்டைகள் இரண்டு விரிந்து உராயும். உஷ்ணம் கூட்டினுள் அடைபட்டுக் கிடத்தல் அதன் குறை. அன்றியும், சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். வட்டுப் பிரேக்கிலோ, காற்றிற் சுழலும் வட்டினை 'காலிப்பர்' என்னும் கவ்வி இருபுறத்தும் பேடுகளால் இறுகப் பற்றும். சூடேறிய வட்டு பேடை நோக்கியே பருக்குமாதலின் பிடி விலகுவதில்லை. உஷ்ணமும் காற்றில் விரைந்து கலக்கும்.

வட்டுப் பிரேக்குக்கு இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த பிரடெரிக் லாஞ்செஸ்டர் 1902-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். எனினும் அதன் ஆற்றலை உலகம் கண்டது அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே. 1953-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் நகரத்து 24 மணிநேரப் பந்தயத்தில், டன்லப் வட்டுப் பிரேக்குகள் பூண்ட ஜாகுவார் கார் வாகை சூடியது. 1955-இல் வெளிவந்த சித்ரோன் டி.எஸ். கார் முன்சக்கரங்களுக்கு வட்டுப் பிரேக்கைப் பூண்டு வந்தது.

மினி கூப்பர் தரும் பாடம்

சிறு காரின் முன்பிரேக்கை மேம்படுத்தியதற்குச் சிறந்த சான்று மினி கூப்பர் ஆகும். அலெக் இசிகோனிஸ் வகுத்த மினி கார் 1959-இல் வெளிவந்தது. அதன் எஞ்சின் 848 கன செண்டிமீட்டர் அளவினது. ஆற்றல் 34 குதிரைத்திறன். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். பந்தயக் கார் நிபுணரான ஜான் கூப்பரின் முயற்சியால் 1961-இல் எழுந்த மினி கூப்பரில் ஆற்றல் 55 குதிரைத்திறனாக உயர்ந்தது. ஆற்றலை உயர்த்தியவர்கள் அதனோடு அமையாமல், முன்சக்கரங்களுக்கு 7 அங்குல வட்டுக்களையும் அமைத்தனர். 1963-இல் வந்த கூப்பர் எஸ் வண்டியில் எஞ்சின் மேலும் வலிவுற்றபோது வட்டும் 7½ அங்குலமாயிற்று; காலின் அழுத்தத்தைப் பெருக்கும் 'செர்வோ' என்னும் துணைக்கருவியும் உடன் சேர்ந்தது. 1964-ஆம் ஆண்டு மாண்டி கார்லோ ராலியில் வெற்றி பெற்றது இவ்வண்டியே.

இவ்வரலாற்றில் இரு பாடங்கள் உள. எஞ்சினின் ஆற்றலும் பிரேக்கின் ஆற்றலும் உடன் வளர்தல் வேண்டும் என்பது ஒன்று. மினியின் சக்கரம் 10 அங்குலமே ஆனமையின் அதனுள் அடங்கும் வட்டு அதனினும் மிகச் சிறியதாகவே இருத்தல் வேண்டியிருந்தது. 1984-இல் சக்கரம் 12 அங்குலமான பின்னரே 8.4 அங்குல வட்டு இடம் பெற்றது. சக்கரத்தின் உள்ளளவே வட்டின் அளவுக்கு எல்லை என்பது மற்றொன்று.

நம் தமிழகமும் இத்துறைக்குப் புறம்பானதன்று. சென்னையை அடுத்த சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கெனவே அமைந்த பந்தயச் சாலை உளது. சென்னைப் பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, 1974-இல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் என்பன இத்தொழிலில் நாடறிந்த நிறுவனங்கள்.

மேம்படுத்தும் வரிசை

இனி, செய்ய வேண்டுவனவற்றை வரிசையாகக் கூறுவாம். எளியதும் செலவு குறைந்ததும் முன்னே நிற்க, அரியதும் செலவு மிக்கதும் பின்னே வருதல் முறை.

முதலாவது, டயர். பிரேக்கு சக்கரத்தை நிறுத்தும். வண்டியை நிறுத்துவது டயரே. இருக்கின்ற பிரேக்கு, சக்கரம் சுழலாமல் இறுகும் அளவுக்கோ, ஏ.பி.எஸ். வேலைசெய்யும் அளவுக்கோ பற்றுமாயின், எவ்வளவு பெரிய வட்டை மாட்டினும் ஒரு முறை நிறுத்தும் தூரம் குறையாது. தேய்ந்த டயரோடு புதிய காலிப்பர் பூணுதல் அடித்தளம் இளகிய வீட்டிற்கு மாடி எழுப்புதல் போலாம்.

இரண்டாவது, பிரேக் ஆயில். மிதியின் அழுத்தத்தைச் சக்கரத்திற்குக் கொண்டுசெல்வது இத்திரவமே. இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டாட் 3 என்னும் வகை புதிதாயிருக்கும்போது குறைந்தது 205 டிகிரியிலும், ஈரம் ஏறியபின் 140 டிகிரியிலும் கொதிக்கும். டாட் 4 வகைக்கு அவ்வளவுகள் முறையே 230, 155 ஆம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி தோன்றும். திரவம் அழுந்தாது, ஆவியோ அழுந்தும், ஆதலின் மிதி தரைவரை சென்றும் வண்டி நில்லாது. கடற்காற்று வீசும் நம் பக்கத்தில் இரண்டாண்டுக்கு ஒரு முறையேனும் ஆயிலை மாற்றி, குழாயிலுள்ள காற்றை முற்றும் வெளியேற்றுதல் இன்றியமையாதது. வண்டிக்குக் குறித்த வகையையே இடல் வேண்டும். டாட் 5 என்னும் சிலிக்கோன் வகையை ஏனையவற்றோடு கலத்தல் ஆகாது.

மூன்றாவது, பேடு. உஷ்ணத்தைத் தாங்கும் நல்ல பேடு ஒன்றே பல கார்களுக்குப் போதிய மேம்பாடாம். ஆனால் பந்தயத்திற்கென்றே செய்த பேடுகள் குளிர்ந்த நிலையிற் சரியாகப் பற்றா. சந்தைக் கடைக்குச் செல்லும் வண்டிக்கு அவை தீமையே பயக்கும். புதுப் பேடு இட்டவுடன், வெறிச்சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தினின்று 20-க்கு மிதமாகக் குறைத்தலைப் பத்து முறை, முற்றும் நிறுத்தாமல், இடையிடையே ஆறவிட்டுச் செய்தால், பேடும் வட்டும் ஒன்றோடொன்று இயைந்து படியும்.

நான்காவது, வட்டும் காலிப்பரும். அதே குடும்பத்து வலிய காரின் பாகங்கள் பொருந்துமாயின் அவையே தக்கவை. நடுவே காற்றோடும் இடைவெளி உள்ள இரட்டைச் சுவர் வட்டு விரைந்து ஆறும். பேடு பற்றும் இடத்தின் ஆரம் 100 மில்லிமீட்டரினின்று 110 ஆக உயருமாயின், அதே மிதியழுத்தத்திற்குப் பிடிப்பு நூற்றுக்குப் பத்து மிகும். அழகுக்காகத் துளையிட்ட வட்டுக்களை வாங்குவார் உளர். துளை வட்டின் எடையைக் குறைக்கும். துளையின் விளிம்பில் விரிசலும் தோன்றக்கூடும்.

சமநிலை குலைதல்

மிகையும் குறையே என்பது பிரேக்கினிடத்து மிகப் பொருந்தும். காலிப்பரின் பிஸ்டன் குறுக்களவை 48 மில்லிமீட்டரினின்று 54 ஆக்கினால் அதன் பரப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 27 பெருகும். பிடிப்பு அவ்வளவு வலுக்கும். ஆனால் அத்துணை மிகுதியான ஆயிலை மாஸ்டர் சிலிண்டர் தள்ள வேண்டுதலின் மிதி கீழே ஆழச் செல்லும். அன்றியும், முன்பிரேக்கு அளவுக்கு மிஞ்சினால் முன்சக்கரங்கள் முதலிற் பூட்டிக்கொள்ளும். அப்பொழுது ஸ்டீரிங்கைத் திருப்பினும் வண்டி திரும்பாது. பின்சக்கரங்களோ தம் பங்கைச் செய்யாது உருளும். விளைவு, நிறுத்தும் தூரம் குறைதற்கு மாறாகக் கூடுதலே. இதற்கு அஞ்சிப் பின்பிரேக்கை மட்டும் வலுப்படுத்துவதோ அதனினும் கொடிது. பின்சக்கரம் முதலிற் பூட்டினால் வண்டி சுழன்று புரளும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள விகிதத்தைக் காத்தலே இக்கலையின் உயிர்நிலை.

சட்டமும் கடமையும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தயாரித்தோர் குறித்த விவரங்களுக்கு மாறாக மாற்றுதலைத் தடுக்கின்றது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதனை வலியுறுத்தியது. குறித்த தரத்திலுள்ள பேடு, ஆயில், வட்டு ஆகியவற்றைப் புதுப்பித்தல் பராமரிப்பின்பாற்படும். அதனைக் கடந்த மாற்றங்களைப் பந்தயச் சாலைக்கென விட்டுவைத்தலே அறிவுடைமை.

மாணவ நண்பர்களே! மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், கண் கண்டதைக் கால் செய்வதற்குக் கழியும் ஒரு விநாடியிலேயே கார் 28 மீட்டர் ஓடிவிடுகின்றது. அதன்பின் நல்ல டயரும் நல்ல பிரேக்கும் நல்ல சாலையும் கூடியும் மேலும் 49 மீட்டர் வேண்டும். பின்னைய தூரத்தைப் பழுதின்றிக் காப்பது மெக்கானிக்கின் கைத்திறன். முன்னைய தூரத்தைக் குறைக்கவல்ல வட்டு எத்தொழிற்சாலையிலும் வார்க்கப்படுவதில்லை; அஃது ஓட்டுவோன் தன் வேகத்தைத் தானே அடக்குதலால் மட்டும் குறைவது. சாலையோரத்தில் ஆடு ஓட்டிச் செல்லும் சிறுவனுக்கு நம் காரின் எஞ்சின் எத்தகையது என்பது பொருளன்று. அது நிற்குமா என்பதே பொருள். ஆகலின், விரைவை விழைவோர் நிறுத்தத்தை முன்னர்க் கற்று, விரைவைப் பின்னர்க் கற்பாராக.