பென்சில் குறிப்புகளை அழிக்கலாமா?

கேள்வி: பழைய புத்தகக் கடையில் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூல் 150 ரூபாய்க்குக் கிடைத்தது. முதல் பக்கத்தில் ‘தம்பிக்கு, பொங்கல் 1964’ என்று மசியில் எழுதியிருக்கிறது. ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. அழித்துவிட்டு பைண்டு பண்ணலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரப்பரைத் தொடாதீர்கள்! 1941இல் முதலில் வந்த அந்த நூல் பல பதிப்புகள் கண்டுவிட்டது. அச்சு எங்கேயும் கிடைக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிற ‘குளத்தங்கரை, காலை 6.10, கொண்டலாத்தி இரண்டு’ உங்கள் பிரதியில் மட்டும்தான். (அந்தத் தம்பி நேரம் தவறாதவர் போலிருக்கிறது.) தேதியும் இடமும் தெளிவாக இருந்தால் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் தளத்தில் பழைய பதிவாகவே சேர்க்கலாம். பைண்டர் வழக்கம்போல் மூன்று பக்கமும் ஓரம் வெட்டினால் குறிப்பும் சேர்ந்து போய்விடும். வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம். பைண்டருக்குக் கொடுக்கும் முன் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள்.