ஓநாய் வர்றதுக்குள்ள பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க!

பிள்ளைக்கு வெஸ்டர்ன் கிளாசிக்கல் பழக்கணும்னு ஆசை வந்தாச்சா? நல்லது. ஆனா எடுத்த எடுப்பிலேயே பீத்தோவனோட ஒன்பதாவது சிம்பொனியில கொண்டுபோய் உட்கார வைக்காதே, கண்ணு. ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும். பக்கத்து சீட் மாமாவே தூங்கிடுவார்.

1. 'பீட்டரும் ஓநாயும்'ல ஆரம்பி. 1936-ல மாஸ்கோ குழந்தைகள் நாடக அரங்குக்காக செர்கெய் புரோகோஃபியெவ் எழுதினது. ஒருத்தர் கதை சொல்ல, ஆர்க்கெஸ்ட்ரா நடிக்கும். அரை மணிக்குள்ள முடிஞ்சிடும்.

2. முந்தின நாள் பாடம் எடுக்காதே. பறவை புல்லாங்குழல், வாத்து ஓபோ, பூனை கிளாரினெட், முணுமுணுக்கிற தாத்தா பசூன், பீட்டர் வயலின் கூட்டம், ஓநாய் மூணு பிரெஞ்சு ஹார்ன். இதையெல்லாம் மனப்பாடம் பண்ண வைக்காதே. கதைசொல்லியே ஆரம்பத்துல ஒவ்வொருத்தரா வாசிக்க வச்சு அறிமுகப்படுத்துவார். உனக்கு எதுக்கு அந்த வேலை? ஒண்ணே ஒண்ணு சொல்லிவை: ஓபோவுக்கும் நம்ம நாதஸ்வரம் மாதிரி சீவாளி உண்டு. கல்யாண வீட்டுல சீவாளியைப் பார்த்த பிள்ளை உடனே நிமிர்ந்து உட்காரும்.

3. முதல் வரிசைக்கு அடிச்சுப் பிடிச்சு ஓடாதே. அங்கேருந்து வயலின்காரங்க முதுகும் முழங்கையும்தான் தெரியும். ஓபோ, கிளாரினெட் எல்லாம் அவங்களுக்குப் பின்னால நடுவுல இருக்கும். பால்கனி கிடைச்சா விடாதே. எந்த வாத்தியத்துலேருந்து சத்தம் வருதுன்னு பிள்ளை கண்ணால தேடணும், பாதி சுவாரசியமே அதுலதான்.

4. இதைக் கவனமாக் கேளு. ஓநாய் வாத்தை முழுசா விழுங்கிடும். சின்னதுங்க அழும். உடனே "அது சும்மா கதைடா"ன்னு ஆரம்பிக்காதே. கடைசி ஊர்வலம் முடியுற நேரத்துல, ஓநாய் வயித்துக்குள்ளேருந்து ஓபோ மெல்லக் கேட்கும். நான் என் சின்னவளைச் சமாதானப்படுத்துறேன்னு பேசிப் பேசியே அந்த இடத்தைக் கெடுத்தேன். வீடு வர்ற வரைக்கும் அழுதா. கையைப் பிடிச்சுக்கோ, வாயைத் திறக்காதே.

5. கார்ட்டூனை முன்னாடியே போட்டுக் காட்டாதே. 1946-ல டிஸ்னி எடுத்தது அழகுதான். ஆனா படம் பார்த்த காது சோம்பேறியாயிடும். கச்சேரிக்கு அப்புறம் காட்டு.

6. டீச்சர்களே, உங்களுக்கும்தான். திரும்பி வந்ததும் "பூனைக்கு என்ன வாத்தியம்?"னு டெஸ்ட் வைக்காதீங்க. தாத்தா மாதிரி நடந்து காட்டச் சொல்லுங்க, போதும்.

7. பிடிச்சுப்போச்சுன்னா அடுத்தது சான்-சான்ஸோட 'விலங்குகளின் திருவிழா'. 14 குட்டிக் குட்டித் துண்டு. ஒரு தோசை வேகிற நேரத்துல ஒண்ணு கேட்டுடலாம். யானைக்கு டபுள் பேஸ். ஆமைக்கு, குதிச்சுக் குதிச்சு ஆடுற கான்-கான் மெட்டையே இழு இழுன்னு இழுத்து வாசிப்பாங்க. மனுஷன் குறும்புக்காரர்! பிரிட்டன்ங்கிற இசையமைப்பாளர் எழுதின ஆர்க்கெஸ்ட்ரா அறிமுகத்தைப் பத்து வயசுக்கு மேல வச்சுக்கோ. அதுல கதை இல்லை.

8. முறுக்குப் பாக்கெட் கூடவே கூடாது. பறவை மெல்லப் பாடும்போது உன் வரிசையிலேருந்துதான் 'கறக் மொறக்' கேட்கும். தண்ணியும் ரெண்டு மடக்கு போதும். பாத்ரூம் வேலையெல்லாம் உள்ளே போறதுக்கு முன்னாடியே. ஓநாய் வர்ற நேரத்துல எழுந்தா, பின்னாடி இருக்கிற பிள்ளைங்க உன்னைத்தான் ஓநாய்னு நினைக்கும்.