பழைய விளையாட்டு அட்டையா, மறுபதிப்பா?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போன கையோடு, தாத்தா காலத்துப் பெட்டியைத் திறந்து 1932 லார்ட்ஸ் கிரிக்கெட் டெஸ்டில் ஆடிய, சி.கே. நாயுடு தலைமையிலான இந்திய அணியின் படத் தபால் அட்டையை யாராவது நீட்டினால், முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள்.

அந்தியூர் முகவரியே வயதைச் சொல்லும். '638501' என்று பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு எழுதியது. 'பெரியார் மாவட்டம்' என்றிருந்தால் 1979-க்கும் 1990-களின் பிற்பகுதிக்கும் இடையில். 'கோயமுத்தூர் ஜில்லா' என்றால் பெரும்பாலும் 1979-க்கு முந்தையது. தபால்தலையில் அணா இருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முன் அச்சான தலை. ஆனால் இதெல்லாம் எழுதிய காலம்தான். அட்டை அதற்குப் பல ஆண்டு முன்பே அச்சாகியிருக்கலாம்.

எழுதாத அட்டையில்தான் ஏமாற்று அதிகம். பூதக்கண்ணாடியில் முகத்தைப் பாருங்கள். அசல் புகைப்பட அட்டையில் நிழல் வழவழப்பாக இறங்கும். மறுபதிப்பில் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். அக்காலத்திலும் புள்ளி அச்சு உண்டு என்பதால் இதோடு நிறுத்தாதீர்கள். கடைகளில் கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கில் காட்டுங்கள். பளிச்சென்று வெள்ளையாக ஒளிர்ந்தால், காகிதம் 1950-களுக்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அசல் என்று தெரிந்தால் லேமினேஷன் செய்யாதீர்கள், தபால்தலையைப் பிய்க்காதீர்கள்.